நாற்பது எச்சரிக்கை, ஒரே கோளாறு

1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்சகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து 26 பேர் காயமடைந்தனர். வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் ஆபரேட்டர்கள் இருவர் 275 அலாரங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது என்கிறது அரசின் விசாரணை அறிக்கை. அலாரங்கள் ஒலித்தும் பயனில்லாமல் போனது. எது முதலில் கெட்டது என்பது அந்த வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. கணினி நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்களும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன. ஒரு ஸ்விட்ச் செத்தால், அதன் பின்னால் உள்ள நாற்பது சர்வர்களும் செத்ததாக நாற்பது குறுஞ்செய்திகள் நள்ளிரவில் வந்து குவியும். அத்தனை சர்வர்களும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்; அவற்றை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கும்.

எச்சரிக்கை அளவுக்கு மிஞ்சினால் வரம்பை உயர்த்திவிடலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் சொல் என்பதை 95 என்று மாற்றிவிடுவார்கள். இது நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைக் கட்டுவது. மென்பொருளுக்கு நெட்வொர்க்கின் அமைப்பு தெரியாததுதான் வெள்ளத்துக்குக் காரணம், ஆகவே அந்த அமைப்பைச் சொல்லிக்கொடுப்பதே சரியான வழி. 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்து பின்னர் நாகியோஸ் ஆன மென்பொருளில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். ஒவ்வொரு சர்வருக்கும் அதன் 'பெற்றோர்' எந்த ஸ்விட்ச் என்று எழுதிவைக்க வேண்டும். சர்வர் பதில் தராதபோது நாகியோஸ் பெற்றோரையும் பார்க்கும். பெற்றோர் உயிரோடு இருந்தால் சர்வர் 'விழுந்தது'. பெற்றோரும் பதில் தராவிட்டால் சர்வர் 'எட்டவில்லை', அவ்வளவுதான். 'எட்டவில்லை' என்ற நிலைக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று அமைத்துவிட்டால், நாற்பது செய்திகளுக்குப் பதில் ஸ்விட்சைப் பற்றிய ஒன்று மட்டும் வரும். கூடவே, ஒரு பிங் தவறியதுமே கூச்சல் போடாமல், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை சோதித்தும் தோற்றால் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைக்கலாம். கணநேரத் தடங்கல்கள் இதில் வடிகட்டப்பட்டுவிடும்.

இதனால் உண்மையான கோளாறும் மறைந்துபோகாதா என்று கேட்கலாம். ஸ்விட்சைப் பொசுக்கிய அதே மின்னழுத்தம் ஒரு சர்வரையும் பொசுக்கியிருந்தால்? ஸ்விட்சை மாற்றியதும் மறுபடி சோதனை நடக்கும். இப்போது பெற்றோர் உயிரோடு இருப்பதால், பதில் தராத அந்தச் சர்வர் 'விழுந்தது' என்று அறிவிக்கப்படும். செய்தி தள்ளிப்போகிறதே தவிரத் தொலைவதில்லை. அதற்கு முன்பே தெரிந்தாலும் ஸ்விட்சைச் சரிசெய்யாமல் தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியாது. மூன்று முறை சோதிப்பதில் இரண்டு நிமிடம் வீணாகிறது என்பதும் நியாயமான கேள்விதான். பணப் பரிமாற்றம் போன்ற சேவைகளுக்கு மறுசோதனை இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒருவருக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய இழப்பல்ல.

எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கி வேறு ஸ்விட்சில் செருகியவர் 'பெற்றோர்' வரியை மாற்ற மறந்தால், பழைய ஸ்விட்ச் விழுந்திருக்கும் நேரத்தில் அந்தச் சர்வர் நிஜமாகவே விழுந்தாலும் 'எட்டவில்லை' என்று அமுக்கப்பட்டுவிடும். தவறான வரைபடம் வரைபடமே இல்லாததைவிட ஆபத்தானது. அதனால் கேபிள் வேலையும் அந்த வரியைத் திருத்துவதும் ஒரே வேலையாக நடக்க வேண்டும். பக்கத்தில் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை ஸ்விட்சுகளே எல்.எல்.டி.பி. நெறிமுறை வழியாகச் சொல்லிக்கொள்கின்றன. அந்தத் தகவலிலிருந்து வரைபடத்தைத் தானாகவே உருவாக்குவது இன்னும் நல்லது.

செய்திகளைக் குறைத்த பிறகு ஒரு புதிய ஐயம் வரும்: அமைதி நிலவுவது எல்லாம் நலமாக இருப்பதாலா, கண்காணிக்கும் சர்வரே செத்துவிட்டதாலா? புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் இதற்கு 'வாட்ச்டாக்' என்று ஓர் எச்சரிக்கையை நிரந்தரமாக ஒலிக்கவிடுகிறார்கள். அது வெளியே வேறோர் இடத்தில் உள்ள சேவைக்குப் போய்க்கொண்டே இருக்கும். நின்றுபோனால் அந்தச் சேவை ஆளைக் கூப்பிடும்.