உங்களுக்குத் தெரியுமா? மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல!

வல்வெட்டித்துறை வள்ளங்களுக்கு ஒரு தரவுத்தளம் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘கரை சேர்ந்ததா?’ என்ற கட்டத்தில் மெய் அல்லது பொய் என்று பதிய வேண்டும். செய்தியே வராத வள்ளத்துக்கு என்ன பதிவது? வெறுமையாக விட்டால், கணினி அதை ‘நல்’ (NULL, அதாவது மதிப்பு இல்லை) என்று கொள்ளும். (இவ்வூரில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரை அடைந்த ‘அன்னபூரணி’ கப்பல் நடுக்கடலில் இருந்தபோது ஊரார் வேறென்ன பதிந்திருக்க முடியும்?)

ஆரக்கிள் தரவுத்தளத்தின் பிஎல்/எஸ்கியூஎல் மொழியில், தொடக்க மதிப்புக் கொடுக்காத பூலியன் (மெய்/பொய்) மாறியும் ‘நல்’தான். அதற்கு முன்னே, எதிர்மறையாக்கும் ‘நாட்’ போட்டாலும் ‘நல்’தான் வரும். ஆகவே ‘சேர்ந்திருந்தால்’ என்ற சோதனையிலும் அந்த வள்ளம் தேறாது, ‘சேராதிருந்தால்’ என்பதிலும் தேறாது. தேட வேண்டியவற்றின் பட்டியலில் அதன் பெயரே இராது. ‘எல்ஸ்’ (இல்லையேல்) பகுதி இருந்தால் இன்னும் மோசம்: சத்தமில்லாமல் அதற்குள் நுழைந்துவிடும்.

‘என்விஎல்’ கொண்டு வெறுமையைப் பொய்யாக்கலாம். சாதாரண நிரலுக்கு அது போதும். ஆள் கடலில் நிற்கும்போது போதாது. ‘இஸ் நல்’ என்று முதலில் தனியாகவே கேட்டுவிட வேண்டும். சமக்குறி போட்டு ‘நல்’லோடு ஒப்பிட்டால் விடையும் ‘நல்’லாகவே வரும்.