புலன்கள் இணையும் கல்வி

உயிர்களை அறிவின் வகையால் முறைப்படுத்திய தொல்காப்பியர், தொட்டறியும் அறிவை முதலாவதாகவும் மனத்தின் அறிவை ஆறாவதாகவும் வைத்தார். புலன்கள் தரும் செய்திகளை மூளை எவ்வாறு ஒன்றுகூட்டிப் பயன்கொள்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஜீன் ஏயர்ஸ் அம்மையார் ஆவர்.

1920இல் கலிபோர்னியாவிற் பிறந்த இவர் தொழில்வழிச் சிகிச்சையைக் கற்றார். உண்ணல், உடுத்தல், எழுதுதல், விளையாடுதல் முதலிய அன்றாடக் கருமங்களை நோயுற்றோரும் குறையுற்றோரும் தாமே ஆற்றுமாறு பயிற்றுவது அத்தொழில். மூளைப் பாதிப்புற்ற பிள்ளைகளோடு பழகுகையில், தசைக் குறையால் மாத்திரம் விளக்கவியலாத இடர்களை அவர் கண்டார். காரணம் தேடி மீண்டும் மாணவியாகி, 1961இற் கல்வி உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் மூளை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 1972இல் வெளிவந்த அவரது நூலால் 'புலன் ஒருங்கிணைப்பு' என்னும் கொள்கை பரவலாயிற்று.

கண்டும் கேட்டும் அறிவதற்கு அடித்தளமாக மூன்று உணர்வுகளை அவர் வற்புறுத்தினார். ஒன்று தொடுவுணர்வு; மற்றொன்று உட்செவியில் அமைந்த சமநிலை உணர்வு; பிறிதொன்று தசைகளும் மூட்டுகளும் உடம்பின் நிலையை உணர்த்தும் உணர்வு. பிள்ளை ஒன்று வாங்கிலிருந்து எழுதுவதை எண்ணுக. உடல் சாயாதிருத்தல் வேண்டும். பென்சிலை அளவறிந்து அழுத்தல் வேண்டும். சட்டையின் உராய்வையும் வெளியோசையையும் பொருட்படுத்தாதிருத்தல் வேண்டும். இவை இயல்பாய் நிகழ்ந்தாலன்றி எழுத்திற் கருத்துச் செல்லாது. அத்தகைய பிள்ளையை நாம் 'குழப்படி' என்றும் 'சோம்பேறி' என்றும் எளிதிற் கூறிவிடுகிறோம். பிரம்பு அதற்கு மருந்தாகாது.

ஊஞ்சல், ஏறுதல், தள்ளுதல், இழுத்தல் ஆகிய விளையாட்டுகளே இச்சிகிச்சையின் கருவிகள். பிள்ளையின் விருப்பத்தை ஒட்டி, எளிதுமன்றிக் கடிதுமன்றிச் செயல்களை அமைப்பதே சிகிச்சையாளரின் திறமை. பசறையிலும் நமுனுகுலையிலும் தோட்டப் பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் ஆடியும், மலைப்படிகளில் ஏறியிறங்கியும் வளர்கின்றனர். இவையும் அவ்வுணர்வுகளுக்கு உணவே. எனினும் இடருற்ற பிள்ளைக்கு இவை தாமாகச் சிகிச்சையாகிவிடா. தேர்ந்த கண்ணொன்று வேண்டும்.

இக்கொள்கை ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. புலனிடரைத் தனியொரு நோயாகக் கொள்ளலாமா என்பது தெளிவாகவில்லை என்று 2012இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் எச்சரித்தது. ஆதலின் முதலிற் கண்ணும் காதும் சோதிக்கப்படல் வேண்டும். சிகிச்சையின் பயன் காலந்தோறும் அளந்தறியப்படல் வேண்டும்.

ஏயர்ஸ் அம்மையார் நூலெழுதியதோடு அமையவில்லை. ரொறன்ஸ் நகரில் தாம் நடத்திய சிகிச்சை நிலையத்தில் பிறருக்கும் பயிற்சியளித்தார். பிள்ளையொன்றின் முகக்குறிப்பை அறிந்து ஊஞ்சலை நிறுத்துவதும் தொடர்வதும் ஏட்டினால் மாத்திரம் கைவருவன அல்ல. மூத்தவர் அருகிலிருந்து பழகிப் பெறுவன. 1988இல் அவர் மறைந்த பின்னும் அக்கல்வி மாணாக்கர் வழியே தொடர்கிறது. இந்தியாவிலும், 1950இற் பம்பாயில் கமலா நிம்ப்கர் அம்மையார் தொடங்கிய பயிற்சிக் கல்லூரியாலேயே தொழில்வழிச் சிகிச்சை வேரூன்றியது.

நமது ஊவாவிற்கு இதனால் அறியத்தக்கது யாது? பிள்ளைக் காம்பராவில் நாள் முழுதும் குழந்தைகளைப் பேணும் பெண்ணும், முதலாம் வகுப்பு ஆசிரியரும் இவ்விடர்களை முதலிற் காணத்தக்கவர்கள். எனினும் அவர்கள் கண்டதைக் கேட்டு வழிகாட்டுதற்கு, தோட்டத் தாயோடு அவள் மொழியிற் பேசவல்ல சிகிச்சையாளர் வேண்டும். அத்துறையைக் கற்பிக்கும் கல்லூரி கொழும்பில் உண்டு. அதன் வாயிலை அடைய உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வி மெலிந்திருக்கும்வரை அவ்வாயில் நம் பிள்ளைகளுக்குத் தொலைவிலேயே இருக்கும்.

ஆதலின், விழாக் காணும் இவ்வேளையில், விஞ்ஞானம் பயிலும் தோட்ட மாணவர் ஒருவருக்கேனும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் துணைநிற்பாராக. அவருள் ஒருவர் நாளை பதுளைக்குச் சிகிச்சையாளராய்த் திரும்பி, இன்னும் இருவரைப் பழக்குவாராயின், கடைசி வாங்கிற் கைவிடப்பட்ட பிள்ளைகள் பலர் எழுதத் தொடங்குவர்.