உங்களுக்குத் தெரியுமா? கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும்

● பாக்தாத் நிஜாமியா மதரசாவில் பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (1058–1111), தத்துவவாதிகளின் கொள்கைகளைத் தெளிவாகத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். மறுப்பதற்காகவே தொகுப்பதாக அதன் முன்னுரையில் சொல்லியிருந்தார்; ஆனால் லத்தீன் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் அந்த முன்னுரை இல்லாமலே பரவியது. அதனால், அவர்களை மறுத்த அவரையே ஐரோப்பியர் தத்துவவாதி இப்னு சீனாவின் வழிவந்தவர் என்று நெடுங்காலம் நம்பினர்!

● அவருடைய புகழ்பெற்ற மறுப்பு நூல் ‘தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா’ (1095). அதில் 20 விவாதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில் வரும் எடுத்துக்காட்டு: பஞ்சில் நெருப்பு பட்டால் எரிகிறது. ஆனால் நாம் காண்பது ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதை மட்டுமே. நெருப்புதான் எரித்தது என்பதற்கு அது சான்றாகாது, எரியச் செய்பவன் இறைவனே என்றார் கஸ்ஸாலி.

● ஆனாலும் தர்க்கவியலை அவர் ஒதுக்கவில்லை. அதைக் கற்காதவரின் அறிவை நம்ப முடியாது என்றே எழுதினார். மதரசாக்களில் தர்க்கவியல் வேரூன்ற இது பெரிதும் உதவியது.

● கஸ்ஸாலி மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு கொர்டோபாவில் பிறந்தவர் இப்னு ருஷ்து (1126–1198). நீதிபதியாகவும் மருத்துவராகவும் விளங்கிய அவர், ‘தஹாஃபுத் அல்-தஹாஃபுத்’ நூலில் கஸ்ஸாலியின் வாதங்களைப் பகுதி பகுதியாக எடுத்துக்காட்டியே பதில் சொன்னார். காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பை முழுதாகப் பேசவிட்டு மறுக்கும் இந்த நேர்மை இன்றைய விவாதங்களுக்கும் தேவையான பாடம்.

● 1195இல் இப்னு ருஷ்து நாடுகடத்தப்பட்டார்; அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. ஆனால் அவரது அரிஸ்டாட்டில் உரைகள் லத்தீனிலும் எபிரேயத்திலும் பரவின. கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அவரைப் பெரும்பாலும் ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுவார்.