தணலில் வெந்த பாண்

பாண் என்றதும் போறணையும் தகர அச்சும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை இரண்டுமின்றி, ஒரு தடியும் சிறிது தணலுங் கொண்டே பாண் சுடலாம் என்றால் நம்மிற் பலர் வியப்புறக்கூடும். ஆயினும், சாரணச் சிறுவர் நூறாண்டுகளுக்கு மேலாகப் பாசறைகளில் இவ்வாறே பாண் சுட்டு உண்டு வருகின்றனர்.

1907ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுண்சீத் தீவில் பேடன் பவல் முதற் பாசறையை நடத்தினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட சாரணர் நூலில், மாவைத் தடியிற் சுற்றித் தீயருகே வாட்டும் முறையும் கூறப்பட்டுள்ளது. இலங்கையில் 1912ஆம் ஆண்டு மாத்தளையிற் சாரணர் இயக்கம் தோன்றிற்று.

நால்வருக்கு இரண்டு கோப்பை கோதுமை மா போதும். அதனுடன் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, ஒரு மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசறுக. பின்னர், ஏறத்தாழ முக்காற் கோப்பை நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழைக்க வேண்டும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுக. மிகையாகப் பிசைந்தால் பாண் தோல்போல இறுகிவிடும்.

கோதுமை மாவையே கொள்வது ஏன்? அதிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து குளுட்டன் என்னும் இழுபடுந் தன்மையுள்ள பின்னலாகின்றன. அரிசி மாவில் அது உண்டாவதில்லை. ஆகவே பிட்டுக்கு உகந்த அந்த மா, தடியிற் சுற்றினால் உதிர்ந்து விழும். பேக்கிங் பவுடரில் அப்பச்சோடாவும் அமிலத்தன்மையுள்ள பொருளும் உள்ளன. ஈரமும் சூடும் பட்டதும் அவை காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. குளுட்டன் பின்னல் அவ்வாயுவைச் சிறைப்படுத்த, மா உப்புகின்றது. ஈஸ்ட் மணிக்கணக்கிற் செய்யும் வேலை இங்கே நிமிடங்களில் முடிகின்றது.

தடியைத் தெரிவதிலே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வேலியோரம் கைக்கெட்டும் அலரிக் கொம்பை ஒருபோதும் முறித்தெடுக்கலாகாது. அதன் இலை, பூ, பட்டை, தண்டு யாவும் நஞ்சு. உயிருக்கே இறுதி தேடுவது. எருக்கு, கள்ளி போன்ற பாலுள்ள செடிகளும் ஆகா. பெருவிரற் பருமனுள்ள கொய்யாத் தடி நன்று. பட்டையைச் சீவி, தடியைத் தீயிற் சற்றுச் சூடாக்கியபின், விரலளவு தடித்த மாத்திரியைச் சிறிது இடைவெளிவிட்டுச் சுற்றுக.

இனித்தான் பொறுமைக்குச் சோதனை. மாணவரோடு பாசறை சென்ற வேளைகளில் நாம் கண்டதொன்றுண்டு. பசி மிகுந்த சிறுவன் தடியை நேரே சுவாலைக்குள் நீட்டுவான். மூன்று நிமிடத்தில் வெளிப்புறம் கரியாகிவிடும், உட்புறமோ பச்சை மாவாகவே இருக்கும். பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடுமாதலால் அதனை உண்ணலாகாது. விறகு எரிந்தடங்கிச் செந்தணல் ஆகும்வரை காத்திருந்து, ஒரு சாண் உயரத்திற் பிடித்து, ஓயாது திருப்பிக்கொண்டிருப்பவனுக்கே பத்துப் பதினைந்து நிமிடத்திற் பொன்னிறப் பாண் கிட்டும். வெந்த பாண் மெல்லத் திருகியதும் தடியைவிட்டுக் கழன்றுவிடும். அதன் நடுத்துளையிற் கித்துள் பாணியோ தேங்காய்ச் சம்பலோ இட்டு உண்ணலாம்.

நம் வீடுகளில் ஆண்பிள்ளைகள் அடுப்பருகே செல்வது அரிது. உணவு தட்டில் வந்து சேர்வதையே அவர்கள் அறிவார்கள். அது வந்த வழியை அறியார்கள். கண்ணிற் புகையேற, கை வெப்பத்தில் வாட, ஒரு துண்டுப் பாணுக்காகக் கால்மணி நேரம் தணலருகே குந்தியிருக்கும் சிறுவன், நாள்தோறும் மூன்று வேளையும் அவ்வாறு நிற்பவர் யாரென எண்ணாதிருப்பானோ?

ஆதலாற் பெற்றோரே, அடுத்த விடுமுறையிலே பெரியோர் ஒருவர் அருகிருக்க, வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்து பார்க்க விடுங்கள். உண்டு முடித்தபின் தணலை நீரூற்றி முற்றாக அவிப்பதும், மாப் பிசைந்த பாத்திரத்தைக் கழுவி வைப்பதும் அப்பிள்ளைகளின் பொறுப்பாகவே இருக்கட்டும்.