சூரியன் எழாத ஊரில் பொங்கல்

தைப்பொங்கல் அன்று நம் யாழ்ப்பாண முற்றங்களில் காலை 6.30 மணியளவில் சூரியன் எழுந்துவிடும். ஆனால் சூரியனே எழாத ஊரிலும் நம்மவர் பொங்குகிறார்கள் என்பது தெரியுமா?

நோர்வேயின் வடகோடியில் இருக்கிறது பின்மார்க். 1980களில் நம் இளைஞர் பலர் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஹமர்பெஸ்ட், வார்டோ போன்ற அந்தக் கரையோர ஊர்களில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன், ஜனவரி 20ஆம் திகதியை அண்டித்தான் மீண்டும் தலைகாட்டும். பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. நடுப்பகலில் தெற்கு அடிவானில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் பரவும், அவ்வளவுதான்.

வெளியே முழங்கால் அளவு பனி. கோலம் போட முற்றம் இல்லை, அடுப்பு மூட்டக் கல் இல்லை. மின்னடுப்பில் பானை. வறுத்த பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்க, பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கத் தாய் தகப்பன் அருகில் இல்லை. சுற்றி நிற்பவர்கள் நண்பர்கள். தூர தேசத்தில் நண்பர்தான் சொந்தபந்தம்.

உங்கள் பிள்ளையோ சகோதரமோ அங்கே இருந்தால், இந்தப் பொங்கலுக்கு அழையுங்கள். இங்கு காலை 10.30 என்றால் நோர்வேயில் காலை 6 மணி. கைபேசியை முற்றத்துப் பக்கம் திருப்பி, நம் சூரியனை ஒருதரம் காட்டுங்கள்.