திருட்டுக்கான தண்டனையும் அடகு வைக்கப்பட்ட திருட்டுப் பொருளும்

திருட்டு என்பது ஒருவரின் வசமுள்ள அசையும் பொருளை, அவரது சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துச் செல்வதாகும். இந்தியாவில் இக்குற்றத்திற்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தி வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, 2023 அதன் இடத்தைப் பெற்றது. அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

தண்டனையில் மாற்றங்கள்

பழைய சட்டத்தின் 379ஆம் பிரிவு, திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதித்தது. புதிய சட்டத்தின் 303ஆம் பிரிவிலும் இதுவே பொதுவான தண்டனை. ஆனால் இரு மாற்றங்கள் வந்துள்ளன.

- மீண்டும் திருடித் தண்டனை பெறுபவருக்கு 1 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும் அபராதமும் உண்டு.
- பொருளின் மதிப்பு ரூ. 5,000க்குக் குறைவாக இருந்து, முதன்முறை குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை.

வழிப்பறிப்பு 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது. வீட்டில் திருடினால் 305ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை.

அடகுக் கடையில் திருட்டு நகை

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் ஒரு வீட்டில் திருடப்பட்ட சங்கிலி, பரமத்தி வேலூரில் அடகு வைக்கப்பட்டதாகக் கொள்வோம். திருடியவருக்கு அதில் உரிமை இல்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் அடகு மூலம் பிறருக்குத் தர இயலாது. எனவே சங்கிலி உரிமையாளருக்கே உரியது. கடைக்காரர் தாம் கொடுத்த கடனை அடகு வைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றிப் பெற்றவர்க்கு 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வழக்கமாக இத்தொழில் செய்பவர்க்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். அறியாமல் நல்லெண்ணத்துடன் அடகு பிடித்தவர் குற்றவாளி ஆகார். தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டம், 1943இன்படி உரிமம், பதிவேடு, அடகுச் சீட்டு ஆகியவை கட்டாயம். நல்லெண்ணத்தைக் காட்டவும் இப்பதிவுகள் உதவும்.

நகையைத் திரும்பப் பெறுதல்

காவல்துறை கைப்பற்றிய நகையை வழக்கு முடியும் வரை வைத்திருக்கத் தேவையில்லை. படம் எடுத்து, பட்டியலிட்டு, பிணைப்பத்திரம் பெற்று உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் கூறியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இப்போது பட்டியலிட 14 நாள், அதன்பின் ஆணை பிறப்பிக்க 30 நாள் என வரையறுக்கிறது. நகை தம்முடையது என்பதை நிறுவ, வாங்கிய ரசீதும் நகை அணிந்த பழைய ஒளிப்படமும் உரிமையாளருக்குப் பயன்படும்.