ஓடை தாண்டிய வண்டிக்கு ஐடிலிங் நிலைக்காவிட்டால்

கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வழியாக ஸ்பிதிக்குப் போகும் பாதையில் மலை ஓடைகள் சாலைக்குக் குறுக்கே ஓடுகின்றன. காலையில் கணுக்காலளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அந்த நேரத்தில் இறங்கிக் கரையேறும் பைக்குகளுக்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: முறுக்கினால் ஓடும், கையை விட்டால் அணைந்துவிடும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. எப்போது அணைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வண்டி தண்ணீருக்குள்ளேயே நின்றுபோயிருந்தால் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டு, உள்ளே இருப்பது வெளியேறிய பிறகுதான் மற்றதெல்லாம்.

இனி ஐடிலிங், அதாவது கையை விட்ட பிறகும் எஞ்சின் அணையாமல் மெல்ல ஓடுவது. 2016-ல் வந்த முதல் ஹிமாலயன் பைக்கையே எடுத்துக்கொள்வோம். 411 சிசி, கார்புரேட்டர் வண்டி. முறுக்கும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. கையை விட்டதும் அந்த வழி ஓய்ந்து, பைலட் ஜெட் என்ற சிறு துளைதான் எஞ்சினுக்குச் சோறு போடுகிறது. அரை மில்லிமீட்டர்கூட அகலமில்லாத துளை அது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் ஃப்ளோட் பவுலின் அடியில் போய்த் தங்கும். ஜெட்டுகள் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். மெயின் ஜெட்டில் சொட்டுத் தண்ணீர் வந்தால் எஞ்சின் இருமிவிட்டு ஓடிவிடும். பைலட் ஜெட்டில் அதே சொட்டு அடைப்பாகிவிடும்.

பலரும் முதலில் பிளக்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் பிளக் கேப் நனைந்து தீப்பொறி கசிந்தால், ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் எஞ்சின் அதிகமாகத் தடுமாறும். அழுத்தம் கூடிய சிலிண்டரில் பொறி பாய்வது கடினம். ஏர் ஃபில்டர் நனைந்தாலும் அப்படியே: காற்று நிறையத் தேவைப்படும் வேகத்தில்தான் மூச்சுத் திணறும். இழுவையில் நன்றாக ஓடி ஐடிலில் மட்டும் அணைந்தால் நான் ஃப்ளோட் பவுலைத்தான் முதலில் திறப்பேன்.

இங்கே ஒரு குழப்பம் வரும். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துபோவதால், தண்ணீரே படாத வண்டிகூட அங்கே சரியாக ஐடில் ஆகாமல் போகலாம். இது உயரத்தின் வேலையா, ஓடையின் வேலையா? சோக்கை இழுத்துப் பாருங்கள். சோக் கூடுதல் பெட்ரோலைத் தரும். ஐடிலிங் நிலைத்துவிட்டால் பைலட் ஜெட் பட்டினி போடுகிறது என்று பொருள். இன்னும் மோசமாகி அணைந்தால் ஏற்கெனவே பெட்ரோல் மிகுதி, அது உயரம். ஸ்பேனரே எடுக்காமல் கிடைக்கும் இந்தப் பதிலை விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். பழைய அளவு தொலைந்துபோகும், அடைப்பு அப்படியே இருக்கும்.

பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் சூடு ஆறியதும், பவுலின் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சற்று அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் தண்ணீரை அது தன்னுள் கரைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். ஆகவே ஒரு முறை வடித்ததோடு நிறுத்தாதீர்கள். மறுபடி வடித்தாலும் தண்ணீர் வந்தால் அது டேங்கிலிருந்து வருகிறது.

வடித்தும் சரியாகாவிட்டால் பைலட் ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடியுங்கள். துளையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊதுங்கள், அல்லது வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் குத்துங்கள். எஃகு ஊசி வேண்டாம். ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிடும்.

தண்ணீர் பவுலுக்குள் எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். பவுல் மூச்சுவிட ஒரு வென்ட் டியூப் பெரும்பாலும் கீழ்நோக்கித் தொங்கும். அதன் வாய் ஓடையில் மூழ்கினால் மூச்சு அடைபட்டுப் பெட்ரோல் இறங்காது, தண்ணீரும் மேலே உறிஞ்சப்படலாம். நடுவில் ஒரு டி-இணைப்பு போட்டு, ஒரு கிளையை டேங்குக்கு அடியில் உயர்த்திக் கட்டிவிடுங்கள். சில ரூபாய் வேலை, அடுத்த ஓடையில் காப்பாற்றும்.

2017-க்குப் பிந்தைய இன்ஜெக்ஷன் வண்டியில் பவுல் கிடையாது. த்ராட்டில் பாடியைச் சுற்றியுள்ள சென்சார் கனெக்டர்களைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐடிலிங் நிலைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். எஞ்சின் பக்கத்திலுள்ள கண்ணாடியில் ஆயிலைப் பாருங்கள். உங்கள் டம்ளரிலிருக்கும் டீயின் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்பிதியிலுள்ள காசா வரை ஓட்டிப்போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வழியில் 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாய் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்குப் பேரிங்குகள் தாங்காது. வண்டியை ஏற்றிச் செல்ல ஒரு பிக்கப்பை வரச் சொல்லுங்கள்.